பிறர் பண்டிகைக்கு வேலை பார்த்த அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்தச் சபை மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆயர் ஐயா கேட்டு மூன்று வாரம் ஆயிற்று. எழுத உட்கார்ந்தாலே அசதியாக வருகிறது.

திருமுக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், கூலி வேலை செய்த குடும்பத்தில் அக்கா பிறந்தார். எங்கள் தெருவில் நர்ஸ் படிப்பு முடித்த முதல் பெண் அவர்தான். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் செவிலிமேட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்து மழுப்புவார்.

வார்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளி, பொங்கல், கருட சேவை எல்லாவற்றுக்கும் இந்துத் தோழிகளுக்காக அக்கா டூட்டி பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பார்ப்பார்கள். காஞ்சிபுரத்தில் திருவிழாவுக்கா பஞ்சம்? காலண்டரில் சிவப்புத் தேதி வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். தீபாவளிக்குப் பட்டாசுப் புண், கருட சேவைக்குக் கூட்டத்தில் மயங்கியவர்கள் என்று பார்த்துவிட்டு வந்து காலை நீட்டினால் அக்காவுக்குப் பேச்சே எழாது. ஏன் இப்படி என்று கேட்டால், "அவங்க வீட்ல புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்பா" என்பார்.

போன வருஷப் பொங்கலுக்கும் வயிற்றுவலியோடுதான் டூட்டி பார்த்தார். தை முடிவதற்குள் படுத்துவிட்டார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று சென்னை டாக்டர் சொன்னார். பங்குனியில் போய்விட்டார்.

உத்திரத் திருவிழாவை விட்டுவிட்டு வந்து, முறை வைத்து அக்காவைக் குளிப்பாட்டி உடை மாற்றிய தோழிகளுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி வரை ஜெபித்த சபையாருக்கும், சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

அடுத்தவர் பண்டிகைக்காக அக்கா தன் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டார் என்று உறவினர்கள் வருத்தப்படுகிறார்கள். அது உண்மையல்ல. அந்தப் பொங்கலுக்கு முன் வந்த கார்த்திகை தீபத்துக்கு டூட்டி பார்த்ததற்கு ஈடாக அக்காவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது.

"நாளைக்கி லீவு இருக்குதுடா. வண்டி எடுக்கிறியா? மெட்ராஸ் போய் ஸ்கேன் பாத்துட்டு வந்துடலாம்" என்று கேட்டார்.

மறுநாள் சபையின் கேரல் ஊர்வலத்துக்கு என் வேன் போக வேண்டியிருந்தது.

"கிறிஸ்துமஸ் முடியட்டும்க்கா" என்றேன்.

"சரிப்பா" என்றார். அப்புறம் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.