அத்தா திருப்பிய கடைக்கால்

படைத்தவன் தந்த ஆயுளை நிறைவு செய்து எங்கள் அத்தா விடைபெற்று ஓராண்டாகிறது. மூத்த மகனாகிய நான், அவர்களைக் கடைசிவரை வாட்டிய கவலை ஒன்றைச் சொந்தங்களுக்கு எழுதிவைக்கிறேன்.

அத்தா பிறந்தது வரதய்யபாளையத்தில். அத்தா சிறுவனாக இருந்தபோதே தாத்தா குடும்பத்தோடு பலமனேருக்கு வந்து, எங்கள் தெருவில் தகரக் கூரை போட்ட பள்ளிவாசலை எழுப்பினார்கள். அத்தா கறவை மாடு வளர்த்து, பால் ஊற்றி எங்களைப் படிக்கவைத்தார்கள்.

தகரம் ஒழுகத் தொடங்கியதும் ஜமாஅத்தில் எல்லா வீட்டாரும் புதுக் கட்டடத்துக்குப் பணம் போட்டார்கள். ரமலானுக்கு முந்தைய மாதம் அஸ்திவாரமாகக் கருங்கல் கடைக்கால் எழுந்துவிட்டது. மேஸ்திரி முனுசாமி பழைய பள்ளியின் சுவரை வைத்தே நூல் பிடித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, பெங்களூர் விருந்தாளி ஒருவர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மக்கா இன்னும் வலப்பக்கம் என்றார். இமாமின் திசைகாட்டியும் அதையே காட்டியது. தாத்தா பனிக்காலத்தில் சூரியன் மறையும் இடத்தைப் பார்த்துத் திசை வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே ஒதுங்கி மறையும். மக்காவோ நமக்கு மேற்கில் சற்று வடக்கே.

“அப்ப எங்க அத்தா காலமெல்லாம் தொழுதது இன்னா ஆவறது மச்சான்?” என்று அத்தாவிடம் கேட்டார் காதர் மாமா, என் அம்மாவின் தம்பி.

“தெரிஞ்ச வரைக்கும் தேடி நின்னாங்க, அவங்களுக்குக் குறையில்ல. தெரிஞ்சப்புறம் நாம அப்பிடியே நிக்கறதுதான் தப்பு” என்றார் இமாம்.

கட்டடம் இருக்கட்டும், உள்ளே வரிசைக் கோட்டை மட்டும் சாய்த்துப் போடலாம் என்றார்கள் சிலர்.

“வர்றவன் ஒவ்வொருத்தனும் எந்தப் பக்கம்னு கேட்டுக்கினே நிக்கணுமா?” என்றார்கள் அத்தா. கடைக்காலையே பேர்த்துத் திருப்புவது என்று முடிவானது.

முனுசாமி தலையைச் சொறிந்தார். “கட்டறதுக்குக் கூலி வாங்கிக்கீறேன் பாய். நான் கட்டினதையே பேக்கறதுக்கு இன்னான்னு வாங்கறது?”

கொடுத்தவர்களிடமே மறுபடி கை நீட்ட அத்தாவுக்கு மனம் வரவில்லை. கறவை மாடுகளை விற்றார்கள். வெறும் தொழுவத்தைப் பார்த்து அம்மா, “நாளைக்கு டீக்குப் பாலு?” என்று மட்டும் கேட்டார்கள். “கடையில” என்றார்கள் அத்தா. கட்டடம் திரும்பியதில் மூலையில் முக்கோணமாக மிஞ்சிய இடத்தில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் குழாய்கள் வந்தன.

தளம் போட்ட மாதமே அத்தா படுத்துவிட்டார்கள். திருப்பதி மருத்துவமனையில் நான் பக்கத்தில் இருந்தேன். தன் அத்தா போட்ட கோட்டை மாற்றியது அவர்களை அறுத்துக்கொண்டே இருந்தது. “அவர் மனசு நொந்துகினு இருக்குமாடா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக ஒருநாள், “என்னைத் தாத்தா பக்கத்துலயே வை. ஆனா மொகம் புதுக் கோட்டுக்கு” என்றார்கள்.

கபரில் முகத்தை மக்கா பக்கம் திருப்பி வைப்பது எங்கள் வழக்கம்; அப்படியே செய்தோம். கபரிஸ்தானில் மற்றக் கபர்களெல்லாம் பழைய கோட்டில் ஒரே வரிசையாக இருக்க, அத்தாவுடையது மட்டும் சாய்ந்து கிடக்கிறது. பார்ப்பவர்கள் குழி வெட்டியவர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். தாத்தாவின் பக்கத்தில் அதைப் பார்த்துப் பார்த்து, தாத்தாவின் மனம் நொந்திருக்குமா என்ற அத்தாவின் கேள்வி இப்போது என்னுடையதாகிவிட்டது.

மருத்துவமனையில் துணை நின்றவர்களுக்கும், பேர்த்த வேலைக்குக் கடைசிவரை கூலி வாங்காத முனுசாமிக்கும், துஆ செய்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற வாரம் கபரைப் பார்க்க ஜியாரத்துக்கு வந்த காதர் மாமா அதன் தலைமாட்டில் நின்று துஆ செய்தார். பிறகு, “என்னையும் இந்தக் கோட்டுலயே போடு. மச்சான் ஒருத்தரே கோணலாக் கெடந்தா நல்லாவா கீது?” என்றார்.