கூடத்தில் அழுகிய செடி

கீழ்வேளூரில் நாங்கள் கட்டிய வீட்டைச் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த அன்று, பெங்களூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் ஒரு தொட்டிச் செடியைக் கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்தார். புரோமிலியாட் என்றார். நடுவில் மெழுகு பூசியதுபோல் சிவப்பாக ஒரு பூ. இலைகள் கூடும் இடத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டுமாம். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். வந்தவர்கள் என்னையும் செடியையும் சேர்த்து நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள்.

சில மாதம் பூ அப்படியே இருந்தது. எனக்குப் பெண் குழந்தை பிறந்து வீடு திரும்பியபோது கறுத்துச் சுருண்டிருந்தது. நாத்தனாருக்கு போன் செய்தேன். அது ஒரே தடவைதான் பூக்கும், பிறகு அடியில் கன்று விட்டுத் தாய் மெல்லச் சாகும், கன்றுகள் பாதி உயரம் வரும்வரை எடுக்காதே என்றார்.

வாழை மாதிரிதான் என்றார் மாமியார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தார் இறக்கியதும் வாழையை வெட்டிச் சாய்த்துவிடுகிறோம். கூடத்தில் வைத்து அழுக விடுவதில்லை.

மூன்று கன்றுகள் வந்தன. அவை கொழுக்கக் கொழுக்கத் தாய் குழைந்தது. குழித் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு மாறி, வீடெல்லாம் சாக்கடை வாடை. ஒரு நாள் குனிந்து பார்த்தேன். கொசுப்புழுக்கள் நெளிந்தன. நடுவில் ஊறி வெளுத்த ஒரு பல்லி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. ஓங்கரித்துக்கொண்டே தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தேன். வெயிலில் கன்று கருகிவிடும், தன் மகள் வந்தால் கேட்பாள் என்று மாமியார் அதை நிமிர்த்தித் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது. நடத்துகிற அக்கா ரிட்டயர்டு டீச்சர். ஜெபம் முடிந்ததும் செடியைக் காட்டிப் பேசத் தொடங்கினார். பிள்ளைகளுக்காகத் தன்னையே கரைத்துக்கொள்கிற தாய் என்றார். பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தையை மடியில் போட்டிருந்த என்னை எல்லாரும் பார்த்தார்கள். பல்லியைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

“அது கரையலக்கா, அழுகுது. கிட்டப் போய் மோந்து பாருங்க” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே நடுக்குருத்தைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. பழுப்புக் கொழகொழப்பு மணிக்கட்டில் வழிந்து பட்டுப்புடவையில் சொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நான் செய்துவைத்த சுண்டலை யாரும் தொடவில்லை.

அவர்கள் போனதும் குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, தொட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய் அரிவாளால் கன்றுகளை அறுத்துப் பிரித்தேன். தாயை வாரிக் குப்பைமேட்டில் வீசினேன். மாமியார் கொல்லை வாசலில் நின்று பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்” என்றார்.

“எதுக்கு அத்தை?”

அவர் குனிந்து கன்றுகளை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறை ஜன்னலோரம் நட்டுவைத்தார். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சோப்பு போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நாற்றம் போகவில்லை. அன்று ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.