தகர வேலிக்குள் தவளைகள்

கிராஞ்சியில் நான் கீரை பறித்த தோட்டத்தைச் சுற்றித் தகர வேலி அடித்த கான்ட்ராக்டரே, அந்தத் தவளைகளைக் கொன்றது நீங்கள்தான். வீடுகள் கட்டுவதற்காகப் பாத்திகளை அழிப்பதற்கு முன்பே வேலியின் அடியை மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்கள். மழை விட்டதும் தவளைகள் வெளியேற வழி தேடி வேலியோரமாகவே தாவிக்கொண்டிருந்தன. ஒரு சாரைப்பாம்பு தகரத்தில் ஏறப்பார்த்துச் சரிந்து விழுந்தது.

“கீழ கொஞ்சம் சந்து விடுங்கண்ணே,” என்றேன்.

“சேறு வெளிய கால்வாய்க்குள்ள போனா எனக்கு ஃபைன் வரும் லா. தவளை செத்தா யாரு ஃபைன் போடுறா?” என்று சிரித்தீர்கள்.

மறுநாள் எக்ஸ்கவேட்டர் வேலியோரத்தை மண் தள்ளி மூடியது. சேறு வெளியே போகவில்லை. தவளைகளும் போகவில்லை.

வேலியோரத்தை மூடும் முன் அவற்றை ஏன் வெளியே விடவில்லை? அந்த இடத்துக்குக் குடிவரப்போகிறவர்கள் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்.