லேஞ்சியைக் கடித்த நாள்

பழைய இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, ஏணிப்படியில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது. விமானம் ஓட்டவேண்டும் என்ற ஆசையும் அதோடுதான் எனக்குள் ஏறியது. எனக்கு அப்போது பத்து வயது. அமெரிக்காவிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, பள்ளி விடுமுறைக்கு எங்களை அழைத்திருந்தார். அவருடைய ஊர்த் துறைமுகத்தில், ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை அருங்காட்சியகமாக்கி நிறுத்தியிருந்தார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்த நான் விமானங்களைப் படம் பார்த்து அறிந்தவன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மா அவற்றைச் சத்தத்தால் அறிந்தவர். போர் விமானங்களுக்கு "சகடை", "வண்டு" என்று ஊர் வைத்த பெயர்களைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். நேவிக் கப்பல் என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டவரை மாமா சீண்டினார்.

"அக்கா, இது செத்த கப்பல். பென்ஷன் எடுத்திட்டுது."

"செத்ததுக்கு ஏனடா இன்னும் பீரங்கி?"

சிவப்பு விளக்கெரிந்த, கூரை தாழ்ந்த நடைவழிகளில் நான் ஓட, அம்மா வெளியேறும் வழிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். கப்பல் அசையவில்லை, ஆனால் காலுக்கடியில் ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. பெரிய கூடமொன்றில், மழைக்கு ஒதுங்கிய காகங்கள்போல இறக்கை மடித்து நின்றன போர் விமானங்கள். ஒன்றின் வயிற்றைத் தடவி, நான் இதை ஓட்டுவேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, பார்வையாளருக்காகப் பதிந்துவைத்த விமானம் கிளம்பும் சத்தம் ஒலிபெருக்கிகளில் வெடித்தது.

மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திச் சிரித்தார்கள். அம்மா என்னை அந்த விமானத்துக்கடியிலேயே இழுத்து விழுத்தி, தன் கைக்குட்டையை, எங்கள் பேச்சில் "லேஞ்சி"யை, சுருட்டி என் பற்களுக்கிடையில் திணித்தார்.

"கடி. விடாதை. காது வெடிச்சிடும்."

யாழ்ப்பாணத்தில் குண்டு விழும்போது துணியைக் கடித்துக் கிடந்த பதுங்குகுழிப் பழக்கம். குண்டு போடும் விமானத்துக்கடியிலேயே ஒளித்துக் கிடந்தபடி நான் மாமாவைத் தேடினேன். நின்ற இடத்திலேயே குந்தியிருந்தார். அவருடைய சட்டைக்கை அவர் பல்லில் இருந்தது.

சத்தம் ஓய்ந்ததும் அம்மா உடுப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிளேன் ஓட்டும் கதை இனி இந்த வாயால் வரக்கூடாது என்றார். பல வருடம் வரவில்லை.

இப்போது அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் இல்லையாம். ஆளுக்கொரு ஹெட்போன் கொடுக்கிறார்களாம். எங்கள் கொழும்பு வானம் அப்படியில்லை. சுதந்திர தின ஒத்திகைக்கு ஜெட்டுகள் காலிமுகத்திடலைச் சுற்றி வரும்போது எங்கள் ஃப்ளாட்டின் கண்ணாடிகள் நடுங்கும். அம்மா முதலில் காஸ் அடுப்பை அணைப்பார். இம்முறை அது வெறும் ஒத்திகை என்று அவருக்கு விளங்கப்படுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். ஜெட் தலைக்குமேல் வந்துபோனபின்தான் தெரிந்தது, என் டீசர்ட் கழுத்து என் பல்லில் இருந்தது. போர் பார்க்காத பல்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகுவதற்கு நான் ஒரு மாதமாகக் கெஞ்சியும் பதில் சொல்லாதவர், அடுப்பை மீண்டும் மூட்டியபடி கேட்டார்:

"எப்ப போகோணும்?"

"சனிக்கிழமை."

"நானும் வாறன்."

மேசையில் இரண்டு லேஞ்சிகள் அயர்ன் பண்ணி இருக்கின்றன. ஒன்று, கீழே நிற்கப்போகிற அவருக்கு. மற்றதைக் கடிக்காமல் நான் இறங்கிவரவேண்டும்.