மண்ணைச் சந்தேகித்த ஆயம்மா

கந்தப்பளைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்துப் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது: சென்ற செவ்வாய் காலை, பிள்ளைக்காம்பரா வாசலில் நாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. விரட்ட ஆளில்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கொழுந்துக்குப் போகாமல் நின்ற ஒரு அக்கா சொன்னார்: "ஆயம்மா விடியக்காலம் நம்மள விட்டுப் போயிட்டாங்கடா."

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாதான் சவரியம்மா. அவர் சந்தேகிக்காத பொருள் தோட்டத்தில் இல்லை. தடுப்பூசி போட வந்த நர்சிடமே கையைக் காட்டச் சொன்னவர். பிள்ளைகளை ஆசீர்வதிக்க வந்த பாதரிடம், "சாமி, செருப்பு வெளியிலயே இருக்கட்டுங்க. எங்கெங்க மிதிச்சிங்களோ" என்றவர்.

என் நாய் டைகர்மீது அவருக்குத் தனிக் கண்.

"ஒன் நாயி நேத்து எங்க போச்சு?"

"வெள்ளிக்கிழமதானே ஆயம்மா, கோயிலுக்குப் போயிருக்கும்."

"கால கழுவிட்டுப் போச்சான்னு கேட்டுச் சொல்லு."

சும்மா இருப்பேனா? ஊறிய தேயிலைச் சக்கையை உருட்டி, பிள்ளைகள் விளையாடும் மண்ணில் வைத்தேன். அவர் குச்சியால் கிளறி, முகர்ந்து பார்த்து, "நாயி இவ்வளவு அழகா உருட்டாது. அந்தப் பய வேல" என்றார்.

பிறகுதான் பக்கத்து லயத்து வீட்டுக் குழந்தை யாழினிக்குக் காய்ச்சலும் இருமலும் விடாமல் வந்தன. மண் தின்னும் பிள்ளை. நாய், பூனை மலம் கலந்த மண்ணிலிருந்து புழு முட்டை உள்ளே போயிருக்கிறது, அது கண்ணுக்குப் போனால் பார்வைக்கே ஆபத்து என்றார் நுவரெலியா டாக்டர். யாழினியின் அம்மா அறை வாசலில் நின்று கேட்டார்: "இங்க விட்டா புள்ளைக்குக் கண்ணு போகும். வேலைக்குப் போகாட்டி சோறு போகும். நான் எங்க விடுறது?"

எல்லாரும் என்னையும் டைகரையும் பார்த்தார்கள். நாயை லொறியில் ஏற்றித் தொலைவில் விட்டுவிடச் சொன்னார்கள்.

ஆயம்மா முள் வேலி போட்டார். பிள்ளைகளுக்குக் கல் குத்தாதபடி மண்ணைச் சலித்துக் கொட்டினார். மாலையில் விளக்குமாறால் சமப்படுத்தி, காலையில் தடம் பார்த்தார். நாய்த் தடம் இல்லை. சத்துமா மூட்டையை எலி கடிக்காமலிருக்க அவர் வளர்த்த பூனை ராணியின் தடம் மட்டும் இருந்தது. "அது சுத்தமான சீவன். அசிங்கத்தக்கூட மூடிட்டுத்தான் வரும்" என்றார்.

மண்ணைக் கெடுத்தது ராணிதான் என்று பிடித்துக் கொடுத்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். "கண்டுபுடிச்சது இந்தப் பயதான்" என்று ஆயம்மாவே எல்லார் முன்னிலும் சொன்னார். மண்ணை அள்ளித் தூரத்தில் ஆழப் புதைத்தார்கள். வாசலுக்குச் சீமெந்து வந்தது. ராணி தேயிலை ஃபெக்டரிக்குப் போனாள். யாழினியின் கண் தெளிவாக இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லி நான் வாங்கிக் குடித்த ப்ளேன்டீக்கு அளவில்லை.

அடக்கத்தன்று யாழினியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானேப்பா என் புள்ள கண்ணக் காப்பாத்துன" என்று அழுதார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ராணி பிடிபட்ட அன்று காலை ஆயம்மா தேங்காய்ச் சிரட்டையால் அந்த மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். மேலே பூப்போன்ற மண், கீழே நாற்றம். "மூடிட்டு வரும்னு நாந்தான் சொன்னேன். எங்க மூடுதுன்னு பாக்கல" என்றார். சிரட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "நீ கண்டுபுடிச்சதா சொல்லப்போறேன். ஒன் மேல உள்ள பழியும் போகும், ஒன் நாயியும் பொழைக்கும். வாய மூடிட்டு நில்லு."

நின்றேன். பிறகு வாயை மூடவேயில்லை.

அவர் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவினேன். என்னிடம் அவருடையதாக இருப்பது அந்தக் கை கழுவும் பழக்கம் ஒன்றுதான். பெருமை என்னுடையதில்லை.