பிரிஜ் நடுங்கிய மாதங்கள்

எங்கள் வீட்டுக்குப் பிரிஜ் வந்தது எண்பதுகளின் நடுவில். கொழும்பில் வேலை பார்த்த என் அண்ணை, வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து அதை வாங்கி, லொறியில் ஏற்றிக் கோப்பாய்க்கு அனுப்பிவைத்தார். பழையதுதான், ஆனால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. குசினியில் விறகுப் புகை என்பதால் சாப்பாட்டறையில் வைத்தோம். அந்த அறைக்கும் மாமாவின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாமா என் கணவரின் தகப்பனார். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் கதைக்கமாட்டார்.

பிளக்கைச் செருகியதும் பிரிஜ் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. பக்கத்து அலுமாரியில் இருந்த கண்ணாடிக் குவளைகளும் சேர்ந்து கிலுகிலுத்தன. அரை மணித்தியாலம் அப்படியே உறுமிவிட்டு நிற்கும்போது, தகரப் பீப்பாவை யாரோ உதைத்ததுபோல ஒரு சத்தம். நான் பயந்து குசினியிலிருந்து ஓடி வந்தேன்.

"புது இடம்தானே, பழக வேணும்" என்றார் என் கணவர்.

"பழகிறதுக்கு அதென்ன மாடோ?"

அன்றிலிருந்து அவர் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கால்களுக்குக் கீழே காட்போட் மட்டையை மடித்து வைத்தார். அடுத்த கிழமை மட்டையை எடுத்துவிட்டுத் தென்னந்தும்பு அடைத்தார். சுவரைத் தொடுகிறது என்று அரை முழம் முன்னுக்கு இழுத்தார். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். வெறும் பெட்டியும் அதே மாதிரித்தான் நடுங்கியது. பின்பக்கம் போய்க் குனிந்து கையில் ஸ்பனரோடு ஏதோ செய்துவிட்டு, "இப்ப சரி" என்று வேர்வையைத் துடைத்தார். சத்தம் முந்தியதைவிடக் கூடியிருந்தது. அதை நான் சொன்னபோது, "உமக்குக் காது கூர்மை" என்றார்.

இந்தக் கரைச்சல் போதாதென்று, சாமான்கள் பழுதாகத் தொடங்கின. நான் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், சாப்பாட்டறை நிலத்தில் தண்ணீர். பால் திரைந்துபோயிருந்தது. கொழும்புத்துறையிலிருந்து அம்மா அனுப்பிய இறால் சட்டிக்குள் மிதந்து மணத்துக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தேன். பிளக் கழன்று தொங்கியது.

"மாமா, பிளக்கைக் கழட்டினது நீங்களோ?"

"ஓம்."

"ஏன் மாமா?"

"சத்தம்."

அவ்வளவுதான். மத்தியான நித்திரை குழம்புகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் பிளக் தொங்கியது. அதற்கடுத்த நாளும். பன்னிரண்டு மணியளவில் கழற்றுவார்; கதவு ரப்பர் தேய்ந்த பழைய பிரிஜ், அந்த வெயிலுக்குக் குளிர் நிற்காது. பிறகு செருக வேண்டும் என்ற நினைவே அவருக்கு வராது. பிளக்கைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தேன். பின்னேரம் வந்து பார்த்தால், டேப்பைக் கவனமாக உரித்துச் சுருட்டி, மேசையில் எனக்காக வைத்திருந்தார்.

கணவரிடம் முறையிட்டேன்.

"வயசுபோன மனுசன், கொஞ்சம் விட்டுப் பிடியும்" என்றார்.

"மூண்டு தரம் இறாலை வளவுக்குள்ளை குழி வெட்டித் தாட்டாச்சு. இன்னும் எத்தினை தரம் விட்டுப் பிடிக்கிறது?"

அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் திருத்துகிறேன் என்று கெடுக்கிறார், மற்றவர் கதைக்காமலே கெடுக்கிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. அறைக்குள் படுத்திருந்தபோது மாமா வந்து பிளக்கைக் கழற்றுவது கேட்டது. வீடு ஒரேயடியாக அமைதியானது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எழும்பிப் போனேன். மாமா படுக்கவில்லை. யன்னலோரக் கதிரையில், தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெளியே காது கொடுத்தபடி இருந்தார்.

"நித்திரை கொள்ளேல்லையோ மாமா?"

"உந்த நேரத்திலை ஆர் நித்திரை கொள்ளுறது? நீ பஸ்ஸிலை வாற நேரம். அவன் அச்சுவேலியிலை வேலை முடிஞ்சு சைக்கிளிலை வாற நேரம்." பிரிஜ்ஜைக் கையால் காட்டினார். "உது ஓடினா ஹெலி வாறது கேக்காது, பிள்ளை. ரெண்டும் ஒரே இரைச்சல்."

அந்த நாட்களில் இராணுவ ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பதுங்க இடம் தேடுவோம். எந்த றோட்டில் எப்போது சுடுவான் என்று சொல்ல முடியாது.

"கேட்டு என்ன மாமா செய்யப் போறியள்? இஞ்சை இருந்துகொண்டு அதை மறிக்கப் போறியளோ?"

"கேட்டாத் தெரியும்தானே" என்றார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா நீ பயப்பிடுவாய்."

நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். கோபம் போகவில்லை, ஆனால் அதை அவர்மேல் காட்டவும் முடியவில்லை. அன்று கணவர் வீட்டுக்கு வரும்வரை பிளக் தொங்கியபடியே இருந்தது. நானும் மாமாவோடு சேர்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் விட்டதும் அச்சுவேலிக்கு நானே போனேன். அங்கே பிரிஜ் திருத்துகிற ஒருவர் இருந்தார். மூன்று தரம் என்னை அலையவிட்ட பிறகு ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தார். வந்தவர் ஒன்றையும் கழற்றவில்லை. பிரிஜ்ஜின் விலாவில் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தைக் கேட்டார்.

"அக்கா, உள்ளுக்குக் களகளவெண்டு கேக்குதெல்லே, அது வாயு குழாய்க்குள்ளை ஓடுற சத்தம். அது கேக்கத்தான் வேணும். டிக்கெண்டு கேக்கிறது மோட்டரை நிப்பாட்டிற சுவிச்சு. இடைக்கிடை ஐஸ் வெடிக்கிற சத்தமும் வரும். உதுகளுக்குப் பயப்பிடாதேங்கோ. உந்த நடுக்கம்தான் பிழை."

பின்பக்கம் நிலத்தில் குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். தும்பையும் மட்டைத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எறிந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"இது லொறியிலை வந்ததோ?"

"ஓம்."

"மோட்டர் ஸ்பிரிங்குக்கு மேலை ஆடிக்கொண்டு இருக்கவேணும், அக்கா. வழியிலை அடிபடாமல் நட்டுகளை இறுக்கி அனுப்பியிருக்கினம். வந்து இறங்கினாப் பிறகு இளக்கிவிட வேணும். நீங்கள் இளக்கேல்லை. அதுதான் மோட்டர் நடுங்கப் பெட்டியும் சேர்ந்து நடுங்குது."

நாலு நட்டுகள். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. நாலாவது மட்டும் அசைய மறுத்தது. "ஆரோ பேந்தும் இறுக்கி வைச்சிருக்கினம்" என்றார் அவர்.

கணவர் தொண்டையைச் செருமினார். "நான் முதலே கண்டனான். இளகிக் கிடக்கோ எண்டு பாத்திட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கி விட்டனான்."

நான் தும்பையும் மட்டைகளையும் கூட்டி அள்ளினேன். சொல்லத் தொடங்கியிருந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இருந்திராது.

பிளக்கைச் செருகினோம். பிரிஜ் மெதுவாக முனகியது, குவளைகள் அசையவில்லை. மாமா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சுவருக்குப் பின்னாலிருந்து, "போட்டாச்சோ?" என்று கேட்டார். போட்டாயிற்று என்றோம். அதன் பிறகு அவர் பிளக்கைத் தொடவேயில்லை. பாலும் திரையவில்லை. இனியாவது நிம்மதி என்று நினைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கேற்றைத் திறக்கும்போது, பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கடை மாமாவுக்கு என்ன? மத்தியானம் வந்து தண்ணி மெசினை நிப்பாட்டட்டாம். வெயிலிலை பயிர் வாடுது, நான் எப்ப இறைக்கிறது?"

புத்தகப் பையோடு நேரே மாமாவிடம் போனேன். அதே கதிரையில் இருந்தார்.

"மாமா, அந்தாளின்ரை மெசினை நிப்பாட்டச் சொன்னனீங்களோ?"

"ஓம். நீங்கள் ரெண்டு பேரும் வந்து சேர்ந்தாப் பிறகு இறைக்கச் சொன்னனான்" என்றார், அதில் என்ன பிழை என்பதுபோல.

நான் தோட்டக்காரரிடம் திரும்பிப் போய்க் காரணத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் வெங்காயத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மெசினுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார். மறுநாளிலிருந்து மூன்று மணிக்குப் பிறகுதான் இறைத்தார். மாமாவோடு வழக்கம்போலவே கதைத்தார். மறுக்கமுடியாத காரணத்தைச் சொன்ன என்னோடுதான் கனநாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.