விறாந்தைக்கு வந்த விதைநெல்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே அறையில் நானும் விதைநெல்லும் படுத்தோம். இரண்டு பேரில் யாருக்குக் கவனிப்புக் கூட என்று கேட்டிருந்தால் நான் நெல்லைத்தான் காட்டியிருப்பேன். விசுவமடுவில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. ஒரு அறையும் விறாந்தையும் குசினியும் முடிந்திருந்தன. மற்ற அறை கூரையில்லாமல் நின்றது. சிறுபோகம் வெட்டியதும் விதைக்கென்று ஒதுக்கிய மூட்டைகளை அப்பா என் கட்டிலுக்குப் பக்கத்தில், யன்னலை மறைத்து அடுக்கிவிடுவார். நனையாத இடம் அது ஒன்றுதான்.

மாரி மழை தொடங்கினால் எனக்கு முட்டும் மூச்சிழுப்பும் தொடங்கும். அம்மாவுக்குப் பனிதான் எதிரி. நான் இழுக்க இழுக்க அவர் கதவிடுக்கிலும் பழஞ்சீலையைச் செருகுவார். சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. மாரி என்றால் சுவர் கறுக்கும், அவ்வளவுதான். எனக்கோ அது பொழுதுபோக்கு. மூச்சு விடமுடியாமல் தலையணையில் சாய்ந்தபடி அதில் ஒரு யானையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

எனக்கு ஆறு வயதான ஐப்பசியில் முட்டு மிஞ்சி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும் என்று மறித்துவிட்டார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர் அம்மாவிடம் கேட்டார்:

"பிள்ளை படுக்கிற அறையில பூஞ்சணம் ஏதும் இருக்கோ அம்மா?"

"சீச்சீ, இல்லை டொக்டர். நான் வீட்டைத் துப்புரவாத்தான் வைச்சிருக்கிறன்."

"இருக்கு டொக்டர்" என்றேன் நான். "யானை மாதிரி. இப்ப குட்டியும் வந்திட்டுது."

அம்மா தொடையில் கிள்ளினார். டொக்டர் சிரிக்கவில்லை. சுவர் காய வேண்டும், யன்னல் திறக்க வேண்டும், மூட்டைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது என்றார். பனி வருமே என்று அம்மா இழுத்தார்.

"பனியை விட உங்கட சுவர்தான் இந்தப் பிள்ளைக்குக் கூடாது."

வயலில் வெள்ளம் நின்றதால் அந்த முறை விதைப்புப் பிந்தியிருந்தது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பக்கத்து வளவில் மாமியிடம் விட்டுவிட்டு, மூட்டைகளை விறாந்தைக்குச் சுமக்கத் தொடங்கினார். மாமி வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, விதைநெல்லையோ வெளியில வைக்கிறியள்? மழையெல்லோ."

"அதுக்காகப் பிள்ளையை விறாந்தையில படுக்க வைக்கேலுமே" என்றார் அப்பா.

அவர் கூரையில் ஏறி விலகியிருந்த ஓடுகளைச் சரிசெய்தார். அம்மா மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவினார். சுவர் காய்ந்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். யானையைக் காணவில்லை என்று நான் ஒரு பாட்டம் அழுதேன். நன்றிகெட்ட பிள்ளை. யன்னல் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே ஒரு முருங்கை நிற்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

முட்டு அடியோடு போய்விடவில்லை. ஆனால் அந்த மாரியில்தான் நான் முதன்முதலாகத் தலையணையில் சாயாமல் நீட்டி நிமிர்ந்து நித்திரை கொண்டேன். அந்த நித்திரைக்காக அவர்கள் இருவருக்கும் நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

மழை விட்டபாடில்லை. தறப்பாள் போட்டு மூடியும் சாரல் விறாந்தைக்குள் அடித்தது. ஒருநாள் காலை பார்த்தால் மூட்டைகளின் இடுக்குகளால் வெள்ளை வேரும் பச்சை முளையும் எட்டிப் பார்த்தன. முதலில் கண்டது நான்தான். சந்தோசம் தாங்காமல் ஓடினேன்.

"அப்பா, எங்கட நெல்லு முளைச்சிட்டுது!"

அப்பா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வேர்கள் பின்னி, நெல் கட்டியாகிப் புளித்து மணத்தது. வயலில் இன்னும் வெள்ளம் வடியவில்லை.

"ஓம் குஞ்சு" என்றார். "நல்ல விதையெல்லோ, முளைக்கும்தானே."

அம்மா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார்.

அந்தக் காலபோகம் முழுவதும் அப்பா மற்றவர்களின் வயலுக்குக் கூலிக்குப் போனார். எங்கள் நெல் தானாகவே முளைத்துவிட்டதால் அப்பாவுக்கு வேலை மிச்சம், அதனால்தான் மற்ற ஆட்களுக்கு உதவி செய்யப் போகிறார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.